ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது

எங்கள் தெருவில் ஒரு ஆளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள் என்றால் அவருடைய கொள்ளுத்தாத்தா வரைக்கும் போய்த்தான் ஓய்வார்கள். எந்த ஊர், யார் பிள்ளை, எந்த வீட்டில் பெண் எடுத்தது, குலதெய்வம் எங்கே, அந்தக் கோயிலுக்குக் கடைசியாக எப்போது பொங்கல் வைத்தார்கள். கல்யாணமாகி காஞ்சிபுரத்துக்கு வந்த புதிதில் இதையெல்லாம் கேட்க எனக்குச் சிரிப்பாக இருக்கும். போகப் போகத்தான் புரிந்தது. நெசவு வீட்டில் இருக்கும் பட்டு நூலும் ஜரிகையும் அந்த வீட்டுக்காரருடையது அல்ல. முதலாளி நம்பிக் கொடுத்தது. யாரை நம்பலாம் என்று தெரிந்துகொள்ள எங்கள் ஆட்களுக்கு இருந்த வழி இது ஒன்றுதான். பெண் கொடுக்கவும் இதே விசாரணை, பட்டு கொடுக்கவும் இதே விசாரணை. பெரும்பாலும் அது பொய்த்ததும் இல்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கள் தெருவுக்கு வந்தபோதும் அப்படித்தான் விசாரித்தார்கள். எழுபதுகளின் முற்பகுதி அது.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் கணவரின் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அடிவயிற்றின் வலது ஓரத்தில், தொடை தொடங்கும் இடத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். தறியில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டு மிதியை அழுத்தினால் வெளியே வந்துவிடும். துணியை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு நெய்வார். கரையும் உடலும் வேறு வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலை நெய்யப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவை ஊடே தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். ஆகவே அவர் பல்லைக் கடிப்பதை நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்க்கிற பாக்கியம் எனக்கு இருந்தது. “இன்னாங்க பண்ணுது?” என்றால், “ஒண்ணுமில்ல, நாடாவப் பாரு” என்பார்.

இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். “குடல் இறங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணிக்கிட்டா சரியாப் போயிடும். தள்ளிப் போடாதீங்க. வெளிய வந்தது உள்ள போகாம சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து” என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் செய்துகொள்ளலாம். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்று மாதம் மிதியில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தறி சும்மா கிடந்தால் அடுப்பும் சும்மாதான் கிடக்கும். தறியில் ஏற்றியிருக்கும் இந்தப் பாவு நெய்து முடியட்டும் என்றார் என் கணவர். அது முடிந்ததும் அடுத்த பாவைப் பிணைத்துவிட்டார். அதுவும் முடியட்டும் என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் ஐயம்பேட்டையிலிருந்து ஒரு ஏஜெண்டு சைக்கிளில் வர ஆரம்பித்தார். விவசாயக் குடும்பம். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ரெக்சின் பை, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத குரல். மெட்ராஸில் ஒரு ஆபீஸ் இருக்கிறதாம். மாதாமாதம் கொஞ்சம் கட்டிவந்தால், ஆஸ்பத்திரியில் படுக்கிற ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று வீட்டுக்குப் பணம் கொடுப்பார்களாம். மருந்துக்குக் கிடையாது, பிரசவத்துக்குக் கிடையாது, சும்மா போய்க் காட்டிவிட்டு வந்தால் கிடையாது. கட்டிலில் படுத்தால்தான் பணம். சேர்ந்து ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். அச்சடித்த ஒரு சீட்டு கொடுப்பார். அதனால் அதற்கு எங்கள் தெருவில் ஆஸ்பத்திரிச் சீட்டு என்றே பெயர் வந்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்காகவே யோசித்துச் செய்த மாதிரி இருந்தது அந்தத் திட்டம். வைத்தியத்துக்குப் பயப்படாதவர்கள் கூட வேலையில்லாத நாட்களுக்குப் பயப்படுவார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

விசாரணைப் பொறுப்பை என் மாமியார் எடுத்துக்கொண்டார். ஏஜெண்டுடைய மனைவி மாகறல் பெண் என்று தெரிந்ததும், மாகறல் கோயிலுக்குப் போகிற சாக்கில் பஸ் ஏறிப் போய், சாமி கும்பிட்டது பாதி, விசாரித்தது பாதி என்று சாயங்காலம் திரும்பி வந்தார். வாசலில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

“தங்கமான குடும்பம். பீடி கூட கிடையாதாம். கிணத்தடியில கெடந்த கம்மலை எடுத்துக்கினு வூடு வூடா போயி, உங்களுதா உங்களுதான்னு கேட்டு குடுத்த ஆளாம் அது. நம்ம கண்ண மூடிக்கினு சேரலாம்” என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு தெருவே சேர்ந்தது. என் கணவரும் சேர்ந்தார்.

அதோடு எனக்கு வினை பிடித்தது. அதுவரை ஆபரேஷனைத் தள்ளிப் போட அவரிடம் சாக்குதான் இருந்தது. இப்போது நியாயமே கிடைத்துவிட்டது. ஆறு மாதம் கழித்துப் படுத்தால் நாள் கணக்கில் பணம் வரும். இப்போதே போய்ப் படுப்பானேன்? அவர் சொன்னதற்கு மாமியார் தலையாட்டினார்.

நாலாவது மாதம் ஒரு மத்தியானம், தறியில் இருந்தவர் மிதிப்பதை அப்படியே நிறுத்திவிட்டார். முகம் வெளுத்துப் போய், நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. குழியிலிருந்து தூக்கித் தரையில் படுக்க வைத்தேன். காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். வீக்கம் உள்ளே போகவில்லை. டாக்டர் சொன்ன வார்த்தை என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்து, தானாகவே உள்ளே போனது. அவர் என்னைப் பார்த்து இளித்தார்.

“பாத்தியா, பூட்ச்சு.”

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. அவர் மட்டும் அசையவில்லை. “இன்னும் ரெண்டு மாசந்தான? இத்தினி மாசம் கட்டிட்டு இப்பப் போயி படுத்தா, கட்டினது அவ்ளோவும் தண்டந்தான?” என்றார்.

கோபம் தணிந்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இந்த மனுஷர் உயிரையே அந்தச் சீட்டை நம்பி நிறுத்தி வைத்திருக்கிறார். அது வருமா வராதா என்று நானாவது கேட்க வேண்டாமா? விசாரித்தாயிற்றே என்கிறார்கள். விசாரித்தது யாரை? ஐயம்பேட்டைக்காரரை. அவர் குடும்பத்தை, அவர் பெண்டாட்டி ஊரை, அவர் எடுத்துக் கொடுத்த கம்மலை. பணம் கொடுக்கப் போவது அவர் இல்லையே. மெட்ராஸ் ஆபீஸைப் பற்றி ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது.

அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி, அதற்கு அடையாளமாக ஒரு தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டும். வில்லை இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பாட்டுக் கேட்கிற பெட்டிக்கும் மிதித்துப் போகிற சைக்கிளுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்றால், ஊரெல்லாம் பணம் வாங்குகிற சீட்டுக்கு வேண்டாமா? இந்த யோசனை வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த தடவை ஏஜெண்டு வந்தபோது, மாமியார் அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்திருந்தார். நான் நேராகவே கேட்டேன்.

“அண்ணா, இந்தச் சீட்டு நடத்தலாம்னு அவங்களுக்கு பர்மிஷன் குடுத்தது யாரு?”

“இன்னாடி கேள்வி இது?” என்றார் மாமியார். “வூட்டுக்கு வந்த மனுசரை போலீஸ்காரன் மாதிரி கேட்டுக்கினு!”

ஏஜெண்டு சீட்டைத் திருப்பிக் காட்டினார். “ரிஜிஸ்டர் நம்பர் போட்டிருக்குதேம்மா.”

“அந்த நம்பர் குடுத்தது யாரு? எதுக்குக் குடுத்தாங்க?”

அவர் சீட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த நம்பரைப் பார்த்தார். “தெரியலம்மா. மெட்ராஸ்ல கேட்டுக்கினு வந்து சொல்றேன்.”

“அவங்களையே கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க. வேற ஆளைத்தான் கேக்கணும். பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்க்கார் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் இருக்குது இல்ல? அங்க போயி கேக்கலாம், வாங்க.”

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திருடன் என்று தெருவுக்கே சொல்லியிருப்பேன். அவரோ மோரை வைத்துவிட்டு, “இப்பவே போலாம்மா. எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்” என்றார். ஊர் பேர் தெரிந்தவராகவே இருந்தாலும் வேற்று ஆம்பளையோடு மருமகளைத் தனியாக அனுப்ப முடியுமா? மாமியாரும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சர்க்கார் ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் சீட்டை நீட்டி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் தன் வேலையைத் தொடங்கிவிட்டார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“திருநெல்வேலிப் பக்கம்மா.”

மாமியார் முகம் விழுந்துவிட்டது. அந்தத் திசையில் அவருக்கு விசாரிக்க ஒரு ஆள் கிடையாது. என் காதருகே வந்து, “இவரு யாரு இன்னான்னே தெரியல. இவரு பேச்சைக் கேட்டுக்கினு அவரை சந்தேகப்படறதா?” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

திருநெல்வேலிக்காரர் சீட்டை இரண்டு பக்கமும் படித்தார். “நாங்க உயிருக்குத்தாம்மா எழுதுறோம். நோய், விபத்து, தீ, லாரி, இதுக்கெல்லாம் வேற கம்பெனிங்க இருந்தாங்க. அதையும் இப்ப சர்க்கார் எடுத்துக்கிட்டாச்சு. சர்க்கார் கம்பெனிங்களைத் தவிர வேற யாரும் இந்த வியாபாரம் பண்ண அனுமதி இல்ல” என்றார். பிறகு ஏஜெண்டைப் பார்த்து, “உங்ககிட்ட ஏஜெண்டு லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்டார்.

ஏஜெண்டு பையிலிருந்து போட்டோ ஒட்டிய ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்.

“இது அவங்க கொடுத்தது. சர்க்கார் கொடுத்தது எங்க?”

“இது மட்டுந்தான் சார் குடுத்தாங்க.”

“இந்த ரிஜிஸ்டர் நம்பர் சங்கத்தைப் பதிவு பண்ணின நம்பர். பஜனைக் கோஷ்டி கூட இப்படிப் பதிவு பண்ணிக்கலாம். சங்கம் நடத்தலாம், தப்பில்ல. இன்ஷூரன்ஸ் நடத்தக் கூடாது.”

“அப்போ பணம் வராதாப்பா?” என்றார் மாமியார்.

“வந்தாலும் வரலாம்மா. வரலைன்னா போய்க் கேக்க ஒரு இடம் இல்ல. லைசென்ஸ்னு ஒண்ணு இருந்தா, கேக்க ஒரு இடம் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

நான் ஏஜெண்டின் பக்கம் திரும்பினேன். நாலு மாதக் கோபத்தையும் அங்கேயே கொட்டிவிடுவது என்றுதான் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு திருநெல்வேலிக்காரரிடம் கேட்டார்.

“சார், என் வூட்டுக்காரிக்கு வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. மொத சீட்டே அவ பேருக்குத்தான் எழுதினேன். ஆறு மாசம் முடியட்டும்னு வச்சிருக்கேன். இன்னும் ஒரு மாசம் இருக்குது. அதுவரைக்கும் வைக்கலாமா சார்?”

அந்த மனிதர் பேனாவை மூடி வைத்தார். “நான் டாக்டர் இல்லீங்க” என்றார். அப்புறம் மெதுவாக, “வைக்காதீங்க” என்றார்.

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்த மனுஷர் என் கணவருக்கு விற்றது, தன் வீட்டுக்கு வாங்கிய அதே சரக்கைத்தான். ஏஜெண்டு ரெக்சின் பையை மேஜை மேலேயே விட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கினார். நான்தான் எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கொடுத்தேன். வாங்கிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஐயம்பேட்டைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

திரும்பி நடந்து தெரு முனைக்கு வந்ததும் மாமியார், “நல்ல மனுசன்தான்டி. நான் விசாரிச்சதுல தப்பு இல்ல” என்றார். அவர் விசாரித்ததில் ஒரு எழுத்து கூடத் தப்பில்லைதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் தறியருகே போய் நின்றார். “கெளம்புடா. ஆபரேஷன் பண்ணிக்கினு வா” என்றார். கட்டின பணம் என்று என் கணவர் இழுத்ததற்கு, “கட்டினது போட்டும். நீ உசுரோட இரு” என்றார். அவர் அம்மாவை விட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்காததைப் பார்த்துத்தான் விஷயம் பெரிது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பாதி நெய்த சேலையைத் தறியிலேயே விட்டு, மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தினோம். நானும் மாமியாரும் பக்கத்துத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்து அந்த மூன்று மாதத்தை ஓட்டினோம். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடியது.

ஏஜெண்டு மறுநாளே வந்து, வீடு வீடாக ஏறி, “இனிமே கட்டாதீங்க, நான் தெரியாம சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். சிலர் திட்டினார்கள். சிலர், அவருக்குப் போய் இப்படி ஆச்சே என்று அவருக்காகவே வருத்தப்பட்டார்கள். மெட்ராஸ் ஆபீஸுக்குப் போட்ட கடிதங்களுக்கு யாருக்கும் பதில் வரவில்லை.

என் கணவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். நாலைந்து நாள் கழித்து, அவருக்குக் கஞ்சி வாங்கப் போனபோது, பெண்கள் வார்டு வாசலில் ஐயம்பேட்டைக்காரர் கூஜாவும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மனைவிக்கு மறுநாள் காலையில் ஆபரேஷன் என்றார்.

“ரொம்ப பயந்துக்கினு இருக்குதும்மா. நீ போயி ரெண்டு வார்த்தை தைரியமா சொல்லேன்.”

அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள், பேரன் பேத்தி எடுத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்களில் யாருக்கும் அது தெரியாது. டாக்டர்களே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நடவு நட்டுக் காய்த்துப் போன கை கால்கள், ஒட்டிய முகம், வயிறு மட்டும் பெரிதாக. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வைத்தாள். தலையணைக்கு அடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள்.

“இதுக்காக ஆபீஸ்க்கே போயி கேட்டுக்கினு வந்தியாமே நீ? அவங்க இன்னா சொன்னாங்கன்னு எங்க வூட்டுக்காரரைக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. ஒரு நாளைக்கு இவ்ளோன்னு வூட்டுக்குக் குடுப்பாங்க இல்ல? நான் இங்க படுத்துக்கினா நடவுக்கு யாரு போவாங்க, பசங்க இன்னா துன்னும்? அது வருதுன்னா நான் நிம்மதியா படுத்துக்குவேன்மா. வரலன்னா வேணாம், இப்பவே வூட்டுக்குப் போயிடறேன்.”

வாசலைப் பார்த்தேன். கூஜாவோடு அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது.

“வரும்” என்றேன். “நான் கேட்டுட்டேன். எல்லாம் சரியா இருக்குது.”

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சீட்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“நீ சொன்னா சரி. விசாரிக்காம ஒரு வார்த்தை சொல்ற பொம்பள இல்ல அதுன்னு எங்க வூட்டுக்காரர் சொன்னாரு” என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.